அட்டன் பக்கம் ஒருநாள் கவிதை வாசிப்பு விழா: என்னென்ன ஆயத்தம் வேண்டும்?

தேயிலைத்தூள்

வணக்கம். இலங்கை மலையகத்தில் அட்டன், கொட்டகலை, டிக்கோயா, நோர்வூட் தேயிலைத் தோட்டங்களை மனதில் வைத்து ஒருநாள் கவிதை வாசிப்பு விழா வைக்கலாம் என்று ஏழெட்டுப் பேர் கூடிப் பேசியிருக்கிறோம். போட்டி இல்லை, பரிசு இல்லை. எழுதுகிறவர்கள் வந்து வாசிக்க வேண்டும், தோட்டத்துச் சனம் வந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். வாசிப்பவர்கள் 30 பேர், கேட்பவர்கள் 200 பேர் என்று கணக்கு. வயதான அம்மாமார் சிலரைத் தாலாட்டு, தெம்மாங்கு பாடக் கூப்பிடவும் ஆசை. இந்த வேலையில் கைப்பழக்கம் உள்ளவர்கள் நாள், இடம், மைக், நேரம், சாப்பாடு என்று எதைப் பற்றியானாலும் அளவு கணக்கோடு சொல்லுங்கள்.

ஊவாக்காற்று

நாளில் இருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதன் பின்னால்தான் வரும். அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை தென்மேல் பருவமழையை நேராக வாங்குகிற சரிவு. மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை அங்கே எதுவும் வைக்காதீர்கள். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் இதற்கு நேர்மாறு. இங்கே டிசம்பரும் ஜனவரியும் வடகீழ் மழை, ஜூலை ஓகஸ்ட்டில் வெயிலும் காற்றும். உங்கள் பக்கத்துக்கு ஜனவரி நடுவில் இருந்து மார்ச் நடு வரை நல்ல காலம்.

அதற்குள்ளும் நாள் பார்க்க வேண்டும். டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) இருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் போகிற பருவம். சனி ஞாயிறுகளில் அட்டன் பஸ் நிலையமும் தங்குமிடங்களும் நிறைந்துவிடும். போயாவை ஒட்டி வரும் ஞாயிறு இன்னும் மோசம். தைப்பூசம், மகா சிவராத்திரி, சுற்றியுள்ள தோட்டங்களின் கோயில் திருவிழா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அந்த நாட்களை வெட்டிவிடுங்கள். மாசியில் காமன் கூத்து (மன்மதன் எரிந்த கதையை ஆடுவது) நடக்கிற தோட்டங்களில் இருந்து பாட்டுக்காரர்களும் தப்பு அடிப்பவர்களும் வரமாட்டார்கள். கூப்பிடுவதும் முறையில்லை, அவர்களுக்கு அது நேர்த்தி.

கிழமை ஞாயிறுதான். ஆனால் கொழுந்து கூடின வாரங்களில் ஞாயிறும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார்கள். 10ஆம் திகதி சம்பளம் என்றால் அதை அடுத்து வரும் ஞாயிறு டவுனில் சாமான் வாங்கப் போய்விடும். அதற்கு அடுத்த ஞாயிறை எடுங்கள். பெரும்பாலும் மாதத்தின் மூன்றாம் ஞாயிறாக இருக்கும்.

வாசிகசாலை

இடத்தையும் கடிதங்களையும் பற்றி நான் சொல்கிறேன்.

தோட்டத்து மண்டபம் என்றால் தோட்ட முகாமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வேலை தொடங்கினால், அவர் மாற்றலாகிப் போகிறபோது அனுமதியும் கூடவே போய்விடும். பாடசாலை மண்டபம் என்றால் அதிபரின் சம்மதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் தேவை. அதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். கோயில் மண்டபம் எளிதாகக் கிடைக்கும், காசும் குறைவு. ஆனால் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியரும் வாசிக்க வருகிற விழாவில் அவர்கள் சங்கடப்படாமல் உட்கார வேண்டும், மாதவிலக்கில் இருக்கிற பெண்கள் உள்ளே வரத் தயங்குவார்கள். தொழிற்சங்க மண்டபம் வசதியானது. மேடைக்குப் பின்னால் யாருடைய படம் தொங்கும் என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "வாசிக்கப்போகிற கவிதைகளை எங்களுக்கு முதலில் காட்டுங்கள்" என்று இடம் தருபவர் நிபந்தனை போடுவாரா? மலையகத்தில் எழுதுகிறவர்கள் சம்பளத்தையும் லயத்து வரிசை வீடுகளையும் காணியையும் எழுதாமல் எதை எழுதுவார்கள்? அப்படி நிபந்தனை வந்தால் இடத்தை மாற்றுங்கள். கவிதைகளை மாற்றாதீர்கள்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கட்டாயம். இரண்டு கிழமைக்கு முன் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் கொடுங்கள். திகதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், நோக்கம், பொறுப்பான இருவரின் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசியும் அதில் இருக்க வேண்டும். இடத்துக்காரரின் சம்மதக் கடிதத்தையும் இணையுங்கள். தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் சிங்களத்தில் ஒரு பிரதி சேர்த்தால் அன்றே கையெழுத்தாகும், மொழிபெயர்க்க ஆள் தேடி ஒரு வாரம் போகாது. 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளைப்படி இரவு 10 மணியில் இருந்து காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. பகல் விழாவுக்கு இது தடையில்லை, ஆனால் "இரவுக் கவியரங்கும் வைப்போம்" என்று யாராவது சொன்னால் நினைவில் வையுங்கள். பக்கத்தில் பரீட்சை நிலையம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊவாக்காற்று

இனி நேரம். விழாக்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். 30 பேருக்கு ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 150 நிமிடம் என்று போட்டு, இரண்டரை மணி நேரம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறி, அறிவிப்பாளர் பெயர் சொல்லி, மைக்கை உயரம் மாற்ற ஒரு நிமிடம் போகும். அதோடு சேர்த்து 180 நிமிடம். வாசிப்பு மட்டுமே மூன்று மணி நேரம்!

கவிதையை ஒருமுனைப்பாக நெடுநேரம் கேட்பது கஷ்டம். ஆகவே 8, 8, 8, 6 என்று நான்கு அமர்வாகப் பிரியுங்கள்.

9.30 தொடக்கம், 15 நிமிடம். 9.45 முதல் அமர்வு. 10.35 தேநீர். 10.55 இரண்டாம் அமர்வு. 11.45 பாட்டு, முக்கால் மணி. 12.30 சாப்பாடு. 1.30 மூன்றாம் அமர்வு. 2.20 நான்காம் அமர்வு. 3.00 திறந்த அரங்கு, ஆளுக்கு 3 நிமிடம், 10 பேர். 3.30 முடிவு.

3.30க்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். உள்ளே இருக்கிற தோட்டங்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஒவ்வொரு வழிக்கும் விசாரித்து, அந்தப் பட்டியலை வாசலில் ஒட்டுங்கள். பஸ்ஸை நினைத்துத் தவிக்கிற ஒரு பெண் நான்காம் அமர்வைக் கேட்கமாட்டார், எழுந்து போய்விடுவார்.

பிரதம விருந்தினர் என்று யாரையும் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அவர் வரும்வரை காத்திருப்பது 40 நிமிடம், மாலையும் பொன்னாடையும் 20 நிமிடம், உரைகள் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் 20 பேர் கவிதை வாசித்திருக்கலாம். பாட வருகிறவர்களில் மூத்த அம்மா விளக்கை ஏற்றட்டும், வரவேற்பு 3 நிமிடம், உடனே முதல் கவிதை.

டிக்கோயா சாரல்

பிரதம விருந்தினர் விஷயத்தில் ஊவாக்காற்று அக்காவோடு முழுவதும் ஒத்துப்போக முடியவில்லை. பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தரையோ பிரதேச சபைக்காரரையோ அழைக்காவிட்டால் அடுத்த முறை மண்டபமும் கதிரையும் கிடைப்பது கஷ்டம். அழையுங்கள், முன் வரிசையில் இடம் கொடுங்கள், அறிவிப்பாளர் பெயர் சொல்லி வணக்கம் சொல்லட்டும். உரை வேண்டாம் என்பதை அழைப்பிதழைக் கொடுக்கும்போதே மரியாதையாகச் சொல்லிவிட்டால் யாரும் கோபப்படுவதில்லை. மேடைக்கு வந்த பிறகு சுருக்கச் சொன்னால்தான் மனம் நோகும்.

ஊவாக்காற்று

நீங்கள் சொல்வது சரியான வழி. முன் வரிசையும் வணக்கமும், உரை இல்லை. அதற்கு நானும் உடன்படுகிறேன்.

மைக்செட்

ஒலி பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. கல்யாண வீட்டுக்குப் போடுகிற செட்டையே கவிதைக்கும் போட்டால் ஒரு சொல்லும் விளங்காது.

200 பேர் உட்காரும் மண்டபத்துக்கு 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, 300 முதல் 500 வாட் அம்ப் ஒன்று போதும். புனல் ஸ்பீக்கர் வேண்டாம். அது எட்ட இருக்கிற மலைக்குக் கேட்கச் செய்யும், உள்ளே இருப்பவர் காதைக் குத்தும். ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் ஒன்று, ஒன்றரை மீட்டர் தள்ளி, சனத்தின் தலைக்கு மேல் வருகிற உயரத்தில் சனத்தைப் பார்த்தபடி வையுங்கள். மைக்குக்குப் பின்னால் வைத்தால் ஸ்பீக்கரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்க் கூவும். எத்தனை திருகைத் திருப்பினாலும் அது நிற்காது, இடத்தை மாற்றினால்தான் நிற்கும்.

எக்கோவை முழுதாக மூடச் சொல்லுங்கள். செட்காரர்கள் பழக்கதோஷத்தில் கொஞ்சம் திறந்தே வைப்பார்கள். பாட்டுக்கு அது அழகு. கவிதையில் முதல் சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழுந்து ரகர றகரம், லகர ளகரம் எல்லாம் கூழாகிவிடும். பேஸ் பாதிக்குக் கீழே இருக்கட்டும்.

மைக் மூன்று வேண்டும். நின்று வாசிப்பவருக்கு ஸ்டாண்டோடு ஒன்று, உட்கார்ந்து பாடுபவருக்குக் குட்டை ஸ்டாண்டோடு ஒன்று, கையிருப்பு ஒன்று. கம்பி இல்லாத மைக் என்றால் புதிய பற்றரி நான்கு சோடி. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி, மைக் வாய்க்கு நேரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். நேரே இருந்தால் ஒவ்வொரு பகரத்துக்கும் காற்று அடித்து டப்பென்று வெடிக்கும்.

தகரக் கூரை மண்டபமா என்று பாருங்கள். பெரிய மழை தகரத்தில் விழுந்தால் எந்த அம்பும் அதை வெல்லாது. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். மழை பிடித்தால் வாசிப்பை நிறுத்தித் தேநீரை முன்னுக்கு இழுங்கள். அப்படியும் விடாவிட்டால் கதிரைகளை மேடையைச் சுற்றி நெருக்கிப் போட்டு, உரத்துப் பாடக்கூடிய கும்மியையும் தெம்மாங்கையும் முதலில் வையுங்கள். கொங்கிரீட் கூரை கிடைத்தால் வாடகை கூடினாலும் அதையே எடுங்கள்.

கரண்ட் போனால்? அம்ப் 500, லைட் 200, புரொஜெக்டர் 300 என்று 1000 வாட் வரும். 2 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம், 6 லீற்றர் பெற்றோல் வைத்திருந்தால் விழா நேரத்தைக் கடத்திவிடலாம். அந்த வயரில் மின்கேத்தலைச் செருகக் கூடாது. அது ஒன்றே 2000 வாட் இழுக்கும், ஜெனரேட்டர் படுத்துவிடும். தேநீர் விறகிலோ காஸிலோ கொதிக்கட்டும். ஜெனரேட்டரை மண்டபத்தில் இருந்து 25, 30 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் மழை படாமல் வையுங்கள். புகை உயிரைக் கொல்லும், மூடிய அறையிலோ சன்னலுக்குக் கீழேயோ ஒருபோதும் வேண்டாம்.

பச்சைக்கொழுந்து

நான் வாசிக்க வருகிற பக்கத்தில் இருந்து கேட்கிறேன். மேடையில் முதல்முறை. 5 நிமிடத்துக்கு எவ்வளவு கொண்டுவர வேண்டும்? போனைப் பார்த்து வாசிக்கலாமா?

ஊவாக்காற்று

தங்கச்சி, நல்ல கேள்வி. நிறுத்தி நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 80, 90 சொல் போகும். 5 நிமிடத்துக்கு 350 சொல்லுக்குமேல் வேண்டாம். சின்னக் கவிதை என்றால் மூன்று, நடுத்தரம் என்றால் இரண்டு. நீண்ட ஒன்றே இருந்தால் அதை மட்டும் வாசியுங்கள், பாதியில் வெட்டாதீர்கள்.

கவியரங்கு கேட்டு வளர்ந்தவர்கள் ஒவ்வொரு அடியையும் இரண்டு தரம் சொல்வார்கள். முதல் தரம் சபை பிடித்துக்கொள்ள, இரண்டாம் தரம் கைதட்ட. மரபுக் கவிதைக்கு, எதுகை மோனைக்கு அது பொருந்தும். புதுக்கவிதைக்கு அது சுமை, நேரமும் இரட்டிக்கும். எந்த அடி திரும்ப வர வேண்டும் என்பதைக் கவிதைக்குள்ளேயே எழுதிவையுங்கள். சபையில் யாராவது "இன்னொருமுறை" என்று கேட்டால் அந்த அடியை மட்டும் திரும்பச் சொல்லலாம்.

போன் வேண்டாம். அழைப்பு வரும், திரை அணையும், முகத்தில் நீல வெளிச்சம் விழும். தாளில் 16 புள்ளி எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, மூலையில் பக்க எண் போடுங்கள். மிஸ்ட் இறங்கினால் மெல்லிய தாள் நமத்துத் தொங்கும், அதனால் தடித்த தாள். பிளாஸ்டிக் உறைக்குள் போடாதீர்கள், மேல்விளக்கு பட்டு எழுத்து மறையும். ஒரு வரி பக்கம் தாண்டிப் போகக் கூடாது. பத்தி முடிகிற இடத்தில் பக்கமும் முடியட்டும். மூச்சு எடுக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, நீண்ட நிறுத்தத்துக்கு இரண்டு கோடு. வீட்டில் நின்றுகொண்டு சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள். உட்கார்ந்து மனதுக்குள் வாசித்தால் வருகிற நேரம் பொய்க்கணக்கு.

மேடையில் ஏறியதும் கவிதையை விளக்காதீர்கள், "சரியில்லை என்றால் மன்னியுங்கள்" என்றும் சொல்லாதீர்கள். தலைப்பு, ஒரு மூச்சு, கவிதை.

டிக்கோயா சாரல்

கவிதைகளைப் பெறும்போது எழுத்துருவைக் கவனியுங்கள். நம் பக்கம் பலர் இன்னும் பாமினியில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். ஒருங்குறியில் அனுப்பச் சொல்லுங்கள். முடியாதவர்கள் கொப்பியில் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பட்டும். எழுதப் பழக்கமில்லாமல் மனதிலேயே கட்டி வைத்திருப்பவர்கள் குரல் பதிவாக அனுப்பட்டும், உங்களில் ஒருவர் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டிச் சரிபார்க்கலாம். இந்த மூன்றாவது வழியைத் திறக்காவிட்டால் தோட்டத்தில் இருக்கிற பாதிக் கவிஞர்கள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்கள்.

தெரிவு எப்படி? 30 இடத்துக்கு இரண்டு மூன்று மடங்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு எண் போட்டு மூன்று பேர் தனித்தனியே வாசியுங்கள். மூவரும் சேர்ந்து உட்கார்ந்தால் குரல் பெரியவரின் தெரிவுதான் எல்லோருடைய தெரிவும் ஆகும்.

லயத்துமுற்றம்

பெயரை எடுத்துவிட்டுத் தெரிவு செய்வது நியாயமாகத் தெரிந்தாலும், இங்கே எனக்கு மறுப்பு உண்டு. அப்படிச் செய்தால் பல்கலைக்கழகம் போனவர்களும் பத்திரிகையில் எழுதிப் பழகியவர்களும்தான் மேலே வருவார்கள், வடிவம் அவர்களுக்குக் கைவந்தது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு 10 இடம், 20 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 6 இடம் என்று முதலே ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெயரில்லாமல் தெரிவு செய்யுங்கள். பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பாட்டு அமர்வைப் பற்றி. தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு பாடச் சொன்னால் தயங்காமல் பாடுவார்கள். ஒப்பாரியை மேடையில் கேட்காதீர்கள். சாவு இல்லாத இடத்தில், அதுவும் விளக்கேற்றிய மேடையில் ஒப்பாரி வைப்பது ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். அவர்களாகவே முன்வந்தால் அது வேறு. கட்டாயப்படுத்திப் பாட வைத்துவிட்டு, அவர் வீட்டில் நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அந்தப் பழியை அவர்தான் சுமப்பார்.

விழாவுக்கு இரண்டு கிழமை முன் அவரவர் வீட்டுக்கே போங்கள். எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதுங்கள். தாலாட்டுக்கு முடிவு கிடையாது, பிள்ளை தூங்கும்வரை பாடுவது. ஆகவே "மணி அடிப்போம்" என்று சொல்லாமல், எந்த இடத்தில் முடிப்பது என்று அவரோடு பேசி வையுங்கள். நால்வர், ஆளுக்கு 8 முதல் 10 நிமிடம். உட்கார்ந்து பாடட்டும், பாயோ வாங்கோ எது அவருக்கு வசதியோ அது. கும்மிக்குத் தரையில் இடம் விடுங்கள், மேடைப் பலகை அதிர்ந்தால் மைக் இடிக்கும்.

கூலி கொடுங்கள். ஒரு நாள் சம்பளத்துக்குக் குறையாமல் உறையில் போட்டு, போக வர வாகனமும் துணைக்கு வருகிறவருக்குச் சாப்பாடும். பொன்னாடையை அடுப்பில் வைத்துச் சோறு பொங்க முடியாது. பதிவு செய்வதானால் யார் பாடினார், எந்தத் தோட்டம், தோட்டத்தில் எந்த டிவிஷன் (பிரிவு), யாரிடம் கற்றார் என்பதை முதலில் அவர் குரலிலேயே சொல்லச் சொல்லிவிட்டுப் பாட்டைப் பதியுங்கள். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடிச் சேர்த்திராவிட்டால் இந்தப் பாட்டுகளில் எத்தனையோ போயிருக்கும். அந்த வேலை இன்னும் முடியவில்லை, ஒவ்வொரு விழாவும் அதில் ஒரு பங்கு செய்யலாம். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரோடு இயங்கிய மீனாட்சியம்மாள் தொழிலாளர் உரிமையைத் தோட்டம் தோட்டமாகப் பாட்டாகவே கொண்டுபோனவர். இங்கே பாட்டும் கவிதையும் இரண்டு சாதி இல்லை. அதனால் பாட்டு அமர்வைச் சாப்பாட்டு நேரத்து வேடிக்கையாக வைக்காமல், அக்கா போட்டதுபோல நடு நாளில் வைப்பதுதான் மரியாதை.

பச்சைக்கொழுந்து

சி.வி.யின் கவிதைகளை ஒருவர் வாசிக்கலாமா? அனுமதி வேண்டுமா?

வாசிகசாலை

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை அவர் வாரிசுகளுக்கு. சி.வி. 1984இல் காலமானார், ஆகவே 2054 முடியும்வரை. உரிமை உள்ளவர்களிடம் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். விழா மலரில் அச்சிடுவதும் யூடியூபில் ஏற்றுவதும் தனித்தனி அனுமதி, கடிதத்தில் இரண்டையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். உயிரோடு இருக்கும் கவிஞர்களுக்கும் இதே மரியாதைதான். பதிவுப் படிவத்திலேயே "வாசிக்க", "ஒலிப்பதிவு செய்ய", "இணையத்தில் ஏற்ற" என்று மூன்று கட்டம் போட்டு, விரும்பியதில் அடையாளமிடச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றார் கையெழுத்து. சம்பளப் பிரச்சினையை எழுதுகிற சிலர் மேடையில் வாசிக்கத் தயார், ஆனால் முகம் இணையத்தில் வர விரும்பமாட்டார்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டவரைப் படம் எடுக்கவே கூடாது.

கண்டிவீதி

சிங்களத்தில் எழுதுகிற நண்பர்களையும் இரண்டு மூன்று பேர் அழைப்பீர்கள் என்றால் ஒரு கணக்கு. மூலமும் மொழிபெயர்ப்பும் பத்தி மாற்றிப் பத்தி வாசித்தால் 5 நிமிடம் 10 ஆகும், கவிதையின் ஓட்டமும் அறுந்துபோகும். தமிழ் மொழிபெயர்ப்பை முதலில் முழுதாக ஒருவர் வாசித்து, பிறகு மூலத்தை அவர் வாசிப்பது நன்றாக அமையும். பொருள் தெரிந்த பிறகு ஓசையைக் கேட்கலாம். மூலம் 180 சொல்லுக்கு மேல் வேண்டாம், அப்போதுதான் இரண்டும் 5 நிமிடத்துக்குள் அடங்கும். மொழிபெயர்ப்பைக் கவிஞருக்கு ஒரு கிழமைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

தேயிலைத்தூள்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். மூன்று கேள்வி. நேரத்தைத் தாண்டுபவரை எப்படி நிறுத்துவது? சாப்பாட்டுக்கு என்ன அளவு? மழை வந்தால் ஒத்திவைப்பதை எப்போது முடிவு செய்வது?

டிக்கோயா சாரல்

நேரம்: மணி அடிக்காதீர்கள், அது கவிதையை உடைக்கும். முன் வரிசை நடுவில் ஒருவர் இரண்டு அட்டையோடு உட்காரட்டும். 4ஆம் நிமிடம் மஞ்சள், 5இல் சிவப்பு. 6ஆம் நிமிடம் அறிவிப்பாளர் மேடை ஓரத்தில் போய் நிற்பார், ஒன்றும் பேசமாட்டார். இந்த ஒழுங்கை ஒரு கிழமைக்கு முன் எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். யாராக இருந்தாலும், மூத்த கவிஞராக இருந்தாலும் இதே அட்டைதான். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த 29 பேரிடம் அட்டை காட்ட முடியாது.

அறிவிப்பாளருக்கும் கட்டுப்பாடு வேண்டும். பெயர், தோட்டம், டிவிஷன், வாசிக்கும் தலைப்பு, அவ்வளவுதான். கவிஞரைப் பற்றி அவர் ஒரு கவிதை சொல்லத் தொடங்கினால் அரை மணி நேரம் கரைந்துவிடும். டிவிஷன் பெயரைத் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள், அந்தப் பெயர் மைக்கில் கேட்கும்போது அங்கிருந்து வந்த பத்துப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஊவாக்காற்று

சாப்பாடு: எல்லோரும் சாப்பிடும்படி மரக்கறிதான். வாசிப்பவர், பாடுபவர், வேலை செய்பவரையும் சேர்த்தால் 250 பேர். அரிசி 30 கிலோ, பருப்பு 7 கிலோ, அதோடு சோயாமீற், கோவா, தேங்காய்ச் சம்பல். பார்சல் கட்டினால் குப்பை சேரும், தோட்டத்துக் கோயில்களில் இருக்கிற தட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பிளேன்டீ இரண்டு தரம் என்றால் 500 கோப்பை, 60 லீற்றர் தண்ணீர், தூள் ஒன்றேகால் கிலோ, சீனி 6 கிலோ, இஞ்சி ஒன்றரைக் கிலோ. நல்ல தூளாகப் போடுங்கள். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அவர்கள் பறித்ததில் நல்லதைக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு தனி அறை, பாய், கிரேயோன், வெள்ளைத்தாள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். இது இல்லாவிட்டால் தாய்மார் பாதி அமர்வில் வெளியே நிற்பார்கள்.

வாசிகசாலை

மழை: வெள்ளிக்கிழமை மாலையில் முடிவு செய்யுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிடும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. உங்கள் பிரிவுக்கோ வாகனம் வருகிற வழியில் உள்ள பிரிவுக்கோ செம்மஞ்சள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தள்ளிவையுங்கள். தோட்டத்து டிவிஷனுக்கு ஒரு ஆள் என்று தொலைபேசிப் பட்டியல் வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் சொல்லிவிடலாம். மாற்று நாளை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். வெளியூரில் இருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு முதல் நாளே தங்க இடம் பாருங்கள். காலை ரயிலை நம்பி முதல் அமர்வில் யாரையும் போடாதீர்கள்.

மைக்செட்

ஒன்று விட்டுப்போனது, பதிவு. பேஸ்புக் நேரலை வேண்டாம், பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மிக்ஸரில் இருந்து நேராக ஒரு ரெக்கோடருக்கு வயர் போடுங்கள், கூடவே முன் வரிசையில் ஒரு போனை அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் வைத்துப் பதியுங்கள். மிக்ஸர் பதிவில் குரல் தெளிவாக இருக்கும், போன் பதிவில் சபையின் மூச்சும் கைதட்டலும் இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது மிஞ்சும். ஒவ்வொரு அமர்வுக்கும் தனிக் கோப்பு, பெயரில் திகதியும் அமர்வு எண்ணும்.

தேயிலைத்தூள்

எல்லோருக்கும் நன்றி. இன்று கூடி இவற்றை முடிவு செய்தோம்: பெப்ரவரி மூன்றாம் ஞாயிறு, மாற்று நாள் அதற்கு அடுத்த ஞாயிறு. கொங்கிரீட் கூரை மண்டபம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு 10, இளையவர்களுக்கு 6, மற்றவர்களுக்கு 14. பிரதம விருந்தினர் இல்லை. அடுத்த கிழமை பாட வருகிற அம்மாமார் வீடுகளுக்குப் போகிறோம். அங்கே போகும்போது என்ன கொண்டுபோவது முறை?

லயத்துமுற்றம்

வெற்றிலை பாக்கும் ஒரு இறாத்தல் பாணும் போதும், தம்பி. காசு உறையை அன்றைக்குக் கொடுக்காதீர்கள், அச்சாரம் வாங்கிவிட்டோமே என்று உடம்புக்கு முடியாத நாளிலும் வந்துவிடுவார்கள். பின்நேரம் 5 மணிக்குப் பிறகு போங்கள், கொழுந்தை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கைகால் கழுவ நேரம் வேண்டும். போனை வெளியே எடுக்காமல் முதலில் பாட்டை மட்டும் கேளுங்கள்.